நாலு தலைப்பில் ஒன்று

உ

கேமரன் மலை,
சனிக்கிழமை, பகல் பதினொரு மணி.

அன்பு மகள் லோகேஸ்வரிக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, உன் தங்கை ரூபினி மூன்று பேரும் உடம்பளவில் நலம். அங்கே ஸ்காட்லாந்துக் குளிரும் உன் ஆராய்ச்சியும் சேர்ந்து உன்னைப் பாடாய்ப் படுத்தாமல் இருக்க முருகனை வேண்டிக்கொள்கிறேன். வாரத்துக்கு மூன்று தரம் போனில் முகத்தைப் பார்த்துப் பேசுகிறோம், அப்படியிருக்க இந்த அப்பனுக்குத் தாளும் பேனாவும் எதற்கு என்று நினைப்பாய். காரணம் இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன். முதலில் டீ போட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்து படி. பாதியில் எழுந்து போனை எடுக்காதே லோகா, எடுத்தாலும் பயனில்லை.

மழை விட்டபாடில்லை. தீபாவளிக்கு முந்தின நாள் பிடித்த மழை, பலகாரம் தீர்ந்த பிறகும் நிற்கவில்லை. கியா பார்ம் வளைவில் மண் சரிந்து ரோட்டில் பாதியை மூடிவிட்டது, வண்டிகள் ஒரு பக்கமாக ஊர்ந்து போகின்றன, திரிங்காப்பிலிருந்து இறங்குகிற காய்கறி லோரிகள் எல்லாம் வரிசையாக நிற்கின்றன. நம் லயத்து வீட்டு வரிசைக்கு மேலே தேயிலை மேட்டில் நீளமாக ஒரு வெடிப்பு விட்டிருக்கிறது. மேனேஜர் வந்து பார்த்து, நீலத் தார்ப்பாய் போட்டு மூடச் சொல்லிவிட்டு, ஒன்றும் பயமில்லை என்று போய்விட்டார். மூடிவிட்டால் வெடிப்பு கண்ணுக்குத் தெரியாது, அந்த வகையில் பயமில்லைதான். குழாயில் தண்ணீர் கலங்கலாக வருகிறது. அம்மா முட்டிவலியோடுதான் தேயிலை பேக்டரிக்குப் போகிறாள், நாள் முழுக்க நின்றபடி பேக்கிங் வேலை. உட்கார்ந்து வேலை பாருங்கள் என்று சொன்ன டாக்டரிடமே, 'மெஷினு நிக்குது டாக்டர், நான் எப்படி உக்கார்றது' என்று கேட்டுவிட்டு வந்திருக்கிறாள். நீ அனுப்பிய முட்டிப்பட்டையை இரண்டு நாள் போட்டுப் பார்த்துவிட்டு பீரோவில் பத்திரமாக மடித்து வைத்திருக்கிறாள். கேட்டால் விசேஷத்துக்குப் போட்டுக்கொள்வாளாம்.

இனி சாமந்தி விஷயம். நீ பள்ளி முடித்து வெளியூர் படிக்கப் போன பிறகுதான் நான் காய்கறி லோரி ஓட்டுவதை விட்டுவிட்டுத் திரிங்காப்பில் மூன்று பிளாஸ்டிக் கொட்டகை எடுத்துப் பூ போட ஆரம்பித்தேன், அதனால் உனக்கு அந்த வேலை முழுதாகத் தெரியாது, கொஞ்சம் பொறுமையாகக் கேள். சாமந்திக்கு இருட்டு வேண்டும். இரவு நீளமாக இருந்தால்தான் மொட்டு விடும். ஆனால் நாற்று நட்ட உடனே மொட்டு விட்டுவிட்டால் தண்டு குட்டையாக நின்றுபோகும், சந்தையில் சீந்த மாட்டார்கள். அதனால் இரவில் மேலே பல்புகளை எரியவிட்டு, இன்னும் பகல்தான் என்று செடியை ஏமாற்றித் தண்டை வளர்ப்போம். வேண்டிய உயரம் வந்ததும் ஒரு நாள் பார்த்து விளக்கை நிறுத்திவிட வேண்டும், நிறுத்தினால்தான் பூ. எந்த நாளில் நிறுத்துவது என்பதுதான் இந்தத் தொழிலுக்கு மூளை, அந்த மூளை என் ஒருவனிடம்தான் இருக்கிறது என்று எனக்கு ஏகப்பட்ட பெருமை. சுவிட்ச் பெட்டியில் வேறு யார் கையும் படக் கூடாது என்பது என் கொட்டகைச் சட்டம்.

ஆகஸ்டு மாதம் ஈப்போவில் கண் ஆபரேஷனுக்குப் போனேனே, யோகேந்திரன் மாமா வீட்டில் ஒரு வாரம் தங்குவதாகப் போனது, கண்ணில் சீழ் வைத்து மூன்று வாரத்துக்கு மேல் இழுத்துவிட்டது. அந்தத் தொல்லையில் மூன்றாம் கொட்டகையில் விளக்கை நிறுத்த வேண்டிய நாளை மறந்துபோனேன். திரும்பி வந்து பார்த்தால் தண்டு என் மார் உயரம், மொட்டு என்று பேருக்குக்கூட ஒன்று இல்லை, பாதி செடி சாய்ந்து கிடக்கிறது. பத்து வருடமாக என்னோடு வேலை பார்க்கும் சின்னக்கருப்பனைப் பிடித்துக் கத்தினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, 'எனக்குத் தெரியும்ணே, நிப்பாட்டுற நாளு தாண்டிப்போச்சுன்னு நல்லாவே தெரியும். நீங்க சொல்லலியே, நான் எப்படிலா தொடறது' என்றார். தினமும் காலையில் வந்து அந்தத் தண்டுகளைப் பார்த்திருக்கிறார், இன்றைக்கு அண்ணன் சொல்வார் என்று காத்திருந்திருக்கிறார். ஒரு போனாவது போட்டிருக்கலாமே என்றால், உங்களுக்குத் தெரியாமலா இருக்கும் என்று நினைத்தேன் என்கிறார். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு தடவை என்னைக் கேட்காமல் சுவிட்சைத் தொட்டதற்கு அவரை எல்லார் முன்னாலும் வாங்கு வாங்கென்று வாங்கியது அப்புறம்தான் எனக்கு ஞாபகம் வந்தது. அவர் அதை ஒரு நாளும் மறக்கவில்லை. அன்றைக்கு நான் அவரைத்தான் மடையன் என்று நினைத்தேன்.

லோகா, ரூபினி எப்படிப் படிக்கிறாள் என்று நீ கேட்கும்போதெல்லாம் நல்லா படிக்கிறாம்மா என்று இரண்டு மாதமாகச் சொல்லிவருகிறேன். அது பொய். பக்கத்தில் அவள் இருந்ததால் சொன்ன பொய் பாதி, உன் முகம் வாடுவதைப் பார்க்க முடியாமல் சொன்னது மீதி. செப்டம்பரில் பெரிய பரீட்சைக்கு முந்தின டிரையல் சோதனை முடிந்த வாரம் சசிரேகா டீச்சர் எங்கள் இரண்டு பேரையும் ஸ்கூலுக்குக் கூப்பிட்டார். ரூபினியின் வகுப்பாசிரியை அவர்தான், மலாய்மொழியும் அவர்தான் எடுக்கிறார். மேசையில் ரூபினியின் கட்டுரைத் தாளை வைத்தார். முதல் பகுதியில் தலைப்பை அவர்களே கொடுத்துவிடுவார்கள், அதைப் பிரமாதமாக எழுதியிருந்தாள், ஒரு சிவப்புக் கோடு இல்லை. இரண்டாம் பகுதியில் நாலு தலைப்பு கொடுத்து ஒன்றை எடுத்து எழுதச் சொல்வார்கள். அங்கே ஒன்றுமே இல்லை. ஒன்றுமே இல்லை என்று சொல்லக் கூடாது, ஓரத்தில் பென்சிலால் 1 என்று போட்டு அழித்திருந்தாள், 2 என்று போட்டு அழித்திருந்தாள், அப்படியே 3, 4, மறுபடியும் 1. அழித்து அழித்து அந்த இடத்தில் தாள் தேய்ந்து ஓட்டை விழுந்திருந்தது. டீச்சர் அந்தத் தாளை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். அம்மா அழ ஆரம்பித்துவிட்டாள்.

பதில் தெரியாமல் விட்டாளா என்றால் அதுவும் இல்லை. அன்று வீட்டுக்கு வந்து கேட்டபோது அவள் அழவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள், 'நாலுமே எழுதத் தெரியும்பா, எதை எடுக்கிறதுன்னுதான் தெரியல. யாராச்சும் வந்து சொல்லுவாங்கன்னு பார்த்தேன், பெல் அடிச்சிட்டாங்க' என்று. யாராவது வந்து சொல்வார்களாம். சோதனை மண்டபத்தில். சின்னக்கருப்பன் சொன்னதும் இதுவும் ஒரே பேச்சு என்பது அந்த நிமிஷமே என் புத்தியில் உறைத்திருக்க வேண்டும், உறைக்கவில்லை. மலாய்மொழியில் தவறினால் மற்றதில் எல்லாம் ஏ வாங்கினாலும் பள்ளி இறுதி எஸ்.பி.எம். சான்றிதழே கையில் வராது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இது எப்படி வந்தது என்று சொல்கிறேன், நீ என்மேல் கோபப்பட்டாலும் சரி. நீ படிக்கிற காலத்தில் நான் லோரியில்தான் வாழ்ந்தேன். கம்போங் ராஜாவிலிருந்து சரக்கேற்றிக்கொண்டு போனால் திரும்பி வரும்போது நீ பள்ளிக்கூடத்தில் இருப்பாய். நீ எந்தப் பாடம் எடுத்தாய் என்றுகூட எனக்குத் தெரியாது. நான்காம் படிவ வகுப்பில் நீ பரிசு வாங்கிய அன்று வீட்டிலிருந்து ஒருத்தரும் வரவில்லை என்று, பரிசுப் புத்தகத்தைப் பிரிக்காமலே இரண்டு மாதம் அலமாரியில் வைத்திருந்தாய். நான் அந்த அலமாரியைத் திறப்பதையே விட்டுவிட்டேன். உனக்குச் செய்யாததை எல்லாம் சேர்த்து இவளுக்குச் செய்துவிடுவது என்று அப்போதே முடிவு கட்டினேன். அதைத்தான் செய்தேன் அம்மாடி, ஒரு நாள் விடாமல் செய்தேன்.

இவள் முதல் படிவம் போனபோது நீ ஒரு வெள்ளைப் பலகை வாங்கி மாட்டச் சொன்னாய். ரூபினியே அவள் வாரத்தைத் திட்டம் போடட்டும், அவளே எழுதட்டும், சனிக்கிழமை அவளே சரிபார்க்கட்டும் என்று அத்தனை தெளிவாகச் சொன்னாய். பலகையை வாங்கினேன், அடுப்பங்கரைச் சுவரில் மாட்டினேன், பேனாவை மட்டும் அவள் கையில் கொடுக்கவில்லை. சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று நானே எழுதினேன். ஐந்து மணிக்கு எழுப்பினேன், கணக்கா அறிவியலா என்று நான் சொன்னேன், எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் வரை என்று சொன்னேன், முடிந்ததும் நானே டிக் போட்டேன். மறுபேச்சு பேசாத பிள்ளை. மார்க் வந்துகொண்டே இருந்தது. தோட்டத்தில் எல்லாரும் பசுபதி பிள்ளை வளர்ப்பதைப் பாருங்கள் என்றார்கள், எனக்கும் காதில் தேன் ஊற்றினாற்போல இருந்தது. நீ ஒரு தடவை ஊருக்கு வந்தபோது பலகையைப் பார்த்துவிட்டு, இது அப்பா எழுத்து மாதிரி இருக்கே என்று கேட்டாய். அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன் என்று அப்போதும் ஒரு பொய் சொன்னேன்.

இனி சொல்லப் போவதுதான் உன் ஆராய்ச்சிக்கு வந்த வினை. மார்ச்சில் நீ ரூபினி பள்ளிக்கு அனுப்பிய நாற்பது வாக்கியத் தாள் இருக்கிறதே, தன்னம்பிக்கை, ஊக்கம், தானாகத் திட்டமிட்டுப் படிப்பது, இந்த மூன்றும் மார்க்கும் எப்படிச் சேர்ந்து போகின்றன என்று பார்க்க, ஒன்றிலிருந்து ஐந்து வரை வட்டம் போடச் சொன்ன தாள். பெயர் எழுத வேண்டாம், எண் மட்டும் போதும் என்றாய். ரூபினிக்கு முப்பத்தொன்பதாம் எண். அவள் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து என் எதிரில்தான் நிரப்பினாள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள், நான் அஞ்சு அஞ்சு என்று சொல்லிக்கொண்டே வந்தேன். 'என் படிப்பை நானே திட்டமிடுகிறேன்' என்று ஒரு வாக்கியம் வந்தது. அதற்கும் அவள் நிமிர்ந்து, 'அப்பா, இதுக்கு என்னா போடறது' என்று கேட்டாள். நான் சிரிக்கக்கூட இல்லை லோகா. அஞ்சு போடு என்றேன். அப்புறம் நீ போனில் வாய் நிறையச் சொன்னாய், முப்பத்தொன்பதாம் எண்தான் மார்க்கிலும் முதல், நம்பிக்கையிலும் முதல், திட்டமிடுவதிலும் முதல் என்று. அது உன் தங்கை எண்தான் என்று நான் உளறிக்கொட்டினேன், நீயும் சந்தோஷப்பட்டாய். அவளுக்கு நம்பிக்கை என்மேல்தான் இருந்தது, அவள்மேல் அவளுக்கு அணுவளவும் இல்லை. ஊக்கம் என்பது என் முகம் சுளிக்கக் கூடாது என்ற பயம். திட்டம் என் கையெழுத்து. உன் மூன்றில் ஒன்றுகூட இல்லாமல் மார்க் மட்டும் இருந்த பிள்ளையை நான் உன் பட்டியலில் முதல் ஆளாக உட்கார வைத்துவிட்டேன். அந்தத் தாளை எடுத்து எறிந்துவிடு. இன்னும் எத்தனை வீட்டில் எத்தனை அப்பன்கள் பக்கத்தில் உட்கார்ந்து வட்டம் போட்டார்களோ, அதையும் விசாரி.

டிரையலுக்குப் பிறகாவது திருந்தினேனா என்றால் இல்லை. எதை எடுப்பது என்றுதானே தெரியவில்லை, எப்போதும் இரண்டாம் தலைப்பை எடு என்று சொல்லிவிட்டேன். அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி, ஒரு மாதமாகப் பார்க்காத சிரிப்பு. நானும் பிரச்சினையைத் தீர்த்துவிட்டேன் என்று நிமிர்ந்து நடந்தேன். அடுத்த வாரம் டீச்சர் வைத்த பயிற்சியில் இரண்டாம் தலைப்பு அவள் படிக்காதது, மூன்றாம் தலைப்பு அவள் தூக்கத்தில்கூட எழுதுவாள். இரண்டாம் தலைப்பில் நாலு வரி எழுதிவிட்டு நின்றுவிட்டாள். மூன்றுக்குப் போகலாமே என்று டீச்சர் கேட்டதற்கு, அப்பா ரெண்டுன்னு சொன்னாங்க என்றாளாம். டீச்சர் என்னிடம் குரலைத் தாழ்த்தி, 'ஐயா, கோவிச்சுக்காதீங்க, வீட்டுல அவ என்னதான் முடிவு பண்ணுவா' என்று கேட்டார். தீபாவளித் துணி எடுக்கப் போனபோது இரண்டு பாவாடை தாவணியைக் கையில் வைத்துக்கொண்டு கடை அடைக்கிற வரை நின்றாளே, அப்பா செல்லம் என்று உன் அம்மா சிரித்தாளே, அது எனக்கு அப்போதுதான் உறுத்தியது. அதன் பிறகு கவனித்துப் பார்த்தால் எல்லாமே அப்படித்தான் இருந்தது. இன்னும் சோறு வைக்கவா வேண்டாமா என்பதுகூட என்னைப் பார்த்துத்தான்.

அதற்குப் பிறகுதான் அந்த மாலை வந்தது. மண் சரிந்த அன்று நான் திரிங்காப்பில் மாட்டிக்கொண்டேன், போனும் வேலை செய்யவில்லை. பள்ளி விட்டு அவளை ஏற்றிக்கொள்ள இரண்டரை மணிக்குப் போக வேண்டியவன் ஆறு மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். மழை கொட்டு கொட்டென்று கொட்டுகிறது. நான் எங்கே நிற்கச் சொல்லியிருந்தேனோ அந்த இடத்திலேயே நிற்கிறாள். பத்தடி தள்ளி பஸ் ஸ்டாப், மேலே கூரை இருக்கிறது. அங்கே போகவில்லை. வழியில் சசிரேகா டீச்சர் காரை நிறுத்தி ஏறச் சொல்லியிருக்கிறார், வரேன் என்றும் சொல்லவில்லை, வரலை என்றும் சொல்லவில்லை, பின்னால் வண்டிகள் ஹார்ன் அடிக்கவும் அவர் போய்விட்டார். உதடெல்லாம் வெளுத்துப்போய், பல் கிட்டிப்போய் நின்றாள். பையை வாங்கினேன், கனத்தது, திறந்தால் உள்ளே குடை. காய்ந்த குடை, லோகா. ஏன்மா விரிக்கலை என்றேன். 'நீங்க வந்துடுவீங்கன்னு நெனச்சேன்பா' என்றாள். எனக்கு என் பிள்ளையைப் பார்த்து முதல் முறையாகப் பயம் வந்தது. அவளைப் பின்னால் உட்கார வைத்து மோட்டார் சைக்கிளை ஓட்டிக்கொண்டு வரும்போது முதுகில் அவள் நடுங்குவது தெரிந்தது.

மறுநாள் அவள் பள்ளிக்குப் போன பிறகு அந்தப் பலகையை ஈரத்துணி போட்டு முழுசாகத் துடைத்தேன். ஐந்து வருட மை, லேசில் போகவில்லை. உன் அம்மா பேக்டரியிலிருந்து வந்து வெறும் பலகையைப் பார்த்துவிட்டு, 'இப்பப் போயி கைய எடுக்குறீங்களே, சோதனைக்குப் பதிமூணு நாளுதான் இருக்கு, புள்ள விழுந்துட்டா யாரு தூக்குறது' என்று பிடித்துக்கொண்டாள். அதற்கப்புறம் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. டீச்சரும் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள், சின்னச் சின்ன விஷயத்தில் ஆரம்பியுங்கள் என்றுதான் சொன்னார். எனக்குத் தெரிந்தது ஒன்றுதானே, விளக்கை நிறுத்துவது என்றால் ஒரே நாளில் நிறுத்துவது. அப்படித்தான் நிறுத்தினேன். இனி உன் படிப்பு உன் கையில் என்று சொல்லிப் பேனாவை அவளிடம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். முதல் நாலு நாள் பள்ளி விட்டு வந்து அந்த வெறும் பலகைக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தாள், பேனா மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக. புத்தகத்தைத் தொடவில்லை. ஐந்தாம் நாளிலிருந்து உட்காருவதும் இல்லை, ஜன்னலில் நின்று மேட்டில் அந்த நீலத் தார்ப்பாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நான் செய்தது சரியா, கெட்டதைச் சரிபண்ணப் போய் மொத்தமாகக் கெடுத்தேனா என்று எனக்குத் தெரியவில்லை. டீச்சர் பேச்சைக் கேட்டிருக்கலாம் என்று தினமும் நினைக்கிறேன், இத்தனை வருடம் யார் பேச்சைக் கேட்டேன்.

மூன்றாம் கொட்டகைச் செடிகளை அப்போதே வெட்டிப் போடச் சொல்லியிருந்தேன், சின்னக்கருப்பன் கடைசி வரிசையை மட்டும் வெட்டாமல் விட்டிருந்தார், என்னைக் கேட்காமல். போன வாரம்தான் பார்த்தேன். விளக்கை நிறுத்திய பிறகு அதிலும் பூ வந்திருக்கிறது, மஞ்சள் பூ, நல்ல நிறம். ஆனால் அந்த நீளத் தண்டு பூவைத் தாங்க முடியாமல் அத்தனையும் தரையில் படுத்துக் கிடக்கின்றன. கயிறு கட்டி நிமிர்த்தலாமா என்று அவர் கேட்டார். நீங்களே பார்த்துச் செய்யுங்கள் என்றேன், அவர் நம்பாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஞாயிற்றுக்கிழமை நீ ஒன்பது பக்கத்தில் ஒரு திட்டம் அனுப்பினாய், கடைசி வாரத்துக்கு மணிவாரியாக. ரூபினிக்குப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன் என்று சொன்னேனே, அதுவும் பொய். அவளுக்குக் காட்டவில்லை. காட்டியிருந்தால் அப்படியே செய்திருப்பாள், ஒரு மணி பிசகாமல் செய்திருப்பாள், அதுதான் பயம். உன்னை நான் குறை சொல்லவில்லை. நீ பாசத்தில் செய்தாய், நானும் பாசத்தில்தான் செய்தேன்.

திங்கட்கிழமை முதல் தாள், மலாய்மொழி. அதே நாலு தலைப்பு வரும். இன்று காலையில் உன் அம்மா பேக்டரிக்குப் போன பிறகு ரூபினி அடுப்பங்கரைக்கு வந்து என் எதிரே உட்கார்ந்தாள். 'அப்பா, திங்கக்கெழம நான் போவணுமா' என்று கேட்டாள். போகணும்டி, போகாமல் என்ன என்று எனக்கு வாய் வரை வந்துவிட்டது. அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் அவள் போவாள். போய் உட்கார்ந்து முதல் பகுதியை அழகாக எழுதிவிட்டு, இரண்டாம் பகுதியில் யாராவது வருவார்களா என்று பார்த்துக்கொண்டிருப்பாள். சொல்லாவிட்டால் போகாமலே இருந்துவிடலாம். நான் சொல்லவில்லை. சொல்லிவிடக் கூடாது என்று வாயைக் கட்டிப்போட ஒரு வேலை வேண்டும் என்றுதான் இந்தத் தாளை எடுத்தேன். ஆமாம், முதல் வரியிலிருந்து இதுவரை அவள் என் எதிரேதான் உட்கார்ந்திருக்கிறாள், இரண்டு கையையும் மேசைமேல் வைத்துக்கொண்டு, என் பேனாவைப் பார்த்துக்கொண்டு. நான் பக்கம் பக்கமாக எழுதுவது அவளுக்குத்தான் என்று நினைக்கிறாள் போலிருக்கிறது. புதிய அட்டவணை என்று நினைக்கிறாள். முடித்ததும் நீட்டுவேன் என்று காத்திருக்கிறாள்.

தபாலில் ஏன் போடுகிறேன் என்றால் இதற்குத்தான். போனில் சொன்னால் அடுத்த நிமிஷம் நீ அவளைக் கூப்பிட்டுப் போ என்பாய், எந்தத் தலைப்பை எடுப்பது என்று சொல்லிக் கொடுப்பாய், எனக்கு உன்னைத் தெரியாதா, நீ என் மகள்தானே. இது உன் கைக்கு வர மூன்று வாரம் ஆகும், அதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். அவள் எழுதினாளா இல்லையா என்பது இதைப் படிக்கும்போது உனக்குத் தெரிந்திருக்கும், எழுதுகிற எனக்கு இப்போது தெரியாது. திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு மோட்டாரைத் துடைத்து வாசலில் வைத்து, இரண்டு ஹெல்மெட்டையும் எடுத்துக்கொண்டு நிற்பேன். ஏறு என்று சொல்ல மாட்டேன். சொல்லாமல் நிற்க என்னால் முடியுமா என்று அந்த முருகனுக்குத்தான் வெளிச்சம்.

இப்போது நாற்காலி நகர்ந்தது. எழுந்துவிட்டாள். நான் தலையைத் தூக்கவில்லை. என் முதுகுப் பக்கம் நடந்து போகிறாள், கதவைத் திறக்கிறாள், மழைச் சத்தம் உள்ளே வருகிறது. எங்கே போகிறாய் என்று கேட்கவில்லை. கதவுக்குப் பக்கத்து ஆணியில்தான் குடை தொங்கும். அது இருக்கிறதா இல்லையா என்று திரும்பிப் பார்க்காமல் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன், எழுத்து கோணலாகப் போகிறது, பொறுத்துக்கொள்.

நீ நன்றாக இருக்க வேண்டும் அம்மாடி. எடுத்த படிப்பு உனக்குக் கைகூட வேண்டும், உடம்புக்கு ஒன்றும் வராமல் நீ ஊர் வந்து சேர வேண்டும், தோட்டத்து மாரியம்மன் உன் பக்கத்திலேயே இருப்பாள். ஒன்றை மட்டும் மறக்காதே. ரூபினி ஏன் அப்படிச் செய்தாள் என்பதை என்னிடம் கேட்காதே, அவளிடம் கேள். கேட்டுவிட்டுப் பொறு. எவ்வளவு நேரம் ஆனாலும் பொறு, பதிலை நீ எடுத்துக் கொடுத்துவிடாதே.

இப்படிக்கு,
உனக்கு ஒன்றும் செய்யாத, அவளுக்கு எல்லாம் செய்துவிட்ட
உன் அப்பா,
பசுபதி.